மதுரைக்கு ஏன் டெல்லியைவிட அதிகம்? ஃப்ளைட் டிக்கெட் விலை: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஃப்ளைட் டிக்கெட் பத்தி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தோம். வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா முக்கால்வாசி ஒரே கேள்விதான், ஆனா வேற வேற ஊர்ல இருந்து வேற வேற கோபத்தோட. விலையை யாரு வைக்கிறாங்க, எதை வச்சு வைக்கிறாங்க, எங்க ரூட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்துப் பதில் சொல்றேன். சிலது நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

திண்டுக்கல் வாசகி: பொங்கலுக்கு முந்தின ரெண்டு நாள்ல சென்னையில இருந்து மதுரைக்கு டிக்கெட் பார்த்தேன். பத்தாயிரத்தைத் தாண்டிக் காட்டுது. அதே நாள் டெல்லிக்கு அதைவிடக் கம்மியா கிடைக்குது. மதுரை ஒரு மணி நேரம், டெல்லி மூணு மணி நேரம். இது என்ன நியாயம் சார்?

மேடம், இந்தக் கேள்விதான் அதிகம் வந்துச்சு, அதனால இதுக்கு முழுசாவே சொல்லிடுறேன்.

பஸ் டிக்கெட் மாதிரி கிலோமீட்டர் கணக்குல ஃப்ளைட் டிக்கெட்டைப் பார்த்தா எதுவுமே ஒத்து வராது. வான்வழியில சென்னை–மதுரை சுமார் 420 கிலோமீட்டர், சென்னை–டெல்லி சுமார் 1,760. தூரம் நாலு மடங்கு, ஆனா கம்பெனிக்கு ஆகுற செலவு நாலு மடங்கு ஆகாது. விமானம் கிளம்பி மேல ஏறும்போதுதான் எரிபொருளை அள்ளிக் குடிக்கும், உசரத்துக்குப் போயி நேரா பறக்க ஆரம்பிச்சதும் அது குறைஞ்சிடும். மதுரை ஃப்ளைட் ஏறி முடிச்ச கொஞ்ச நேரத்துலயே இறங்க ஆரம்பிச்சிடுது. லக்கேஜ் ஏத்துறது, க்ளீன் பண்றது, ஆளுங்களை ஏத்தி இறக்குறது இந்த வேலையெல்லாம் ஒரு மணி நேர ஃப்ளைட்டுக்கும் மூணு மணி நேர ஃப்ளைட்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு பிரிச்சா சின்ன ரூட்டுக்குத்தான் எப்பவும் அதிகம் வரும், இது உலகம் பூரா இப்படித்தான்.

இதைச் சமாளிக்கத்தான் சின்ன ரூட்ல றெக்கையில விசிறி வச்ச ஏடிஆர் விமானத்தை விடுறாங்க. இண்டிகோ ஏடிஆர்ல ஏறினீங்கன்னா சீட்டை எண்ணிப் பாருங்க, 78 இருக்கும். உள்நாட்டு ஷெட்யூல்டு ஃப்ளைட்ல 80 சீட்டுக்குக் குறைவா இருக்குற விமானத்துக்கு ஏர்போர்ட்ஸ் அத்தாரிட்டி நடத்துற ஏர்போர்ட்ல லேண்டிங் கட்டணம் கிடையாது, அந்தக் கோட்டுக்குக் கீழ நின்னுக்குது இந்த 78. சின்ன விமானத்துக்குப் போடுற எரிபொருளுக்கு வரியும் கம்மி. பெரிய விமானம்னா அந்தந்த மாநிலத்தோட வாட் வரி முழுசா விழும், ஏன்னா விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள்ள வரல. தமிழ்நாட்டுல அந்த வாட் 29 சதவீதம்.

ஆனா மேடம், இதெல்லாம் சேர்ந்தாலும் பத்தாயிரம் வராது. மிச்சம் எங்க இருந்து வருதுன்னா, அந்த நாள்ல அந்த ரூட்ல யாரு போறாங்க, அவங்களுக்கு வேற வழி என்ன இருக்குங்கறதுலதான். ட்ரெயின் ரிசர்வேஷன் இப்போ 60 நாள் முன்னாடிதான் திறக்குது, பொங்கலுக்கு பாண்டியன், வைகை, வந்தே பாரத் எல்லாம் திறந்த கையோட வெயிட்டிங் லிஸ்ட் போயிடுது, ஆம்னி பஸ்காரங்களும் ஏத்திடுறாங்க. கடைசியா மிச்சம் இருக்குறவங்க எப்படியும் ஊருக்குப் போயே ஆகணும்னு இருக்குறவங்க. இது கம்பெனியோட கம்ப்யூட்டருக்கு நல்லாவே தெரியும், போன பொங்கல், அதுக்கு முந்தின பொங்கல் எந்த நாள்ல எத்தனை சீட் எந்த விலையில போச்சுங்கற கணக்கு பூரா அதுகிட்ட இருக்கு.

டெல்லிக்கு அந்த வாரம் அப்படி ஒரு நெருக்கடி இல்ல. அங்க பொங்கல் லீவு கிடையாது, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ஃப்ளைட் இருக்கு, ஒரு கம்பெனி ஏத்துனா ஆளுங்க அடுத்த கம்பெனிக்குப் போயிடுவாங்க, விமானமும் பெருசு. மதுரைக்கு அந்த வசதி இல்ல.

இன்னொண்ணையும் கவனிச்சுப் பாருங்க. போகி அன்னிக்கு சென்னையில இருந்து மதுரைக்கு விலை உச்சத்துல இருக்கும்போது, அதே விமானம் மதுரையில இருந்து திரும்பி சென்னைக்கு வர்ற டிக்கெட்டைத் தேடுனா சாதா நாள் விலையிலயே கிடைக்கும். காணும் பொங்கல் முடிஞ்சதும் அப்படியே தலைகீழா மாறிடும். போகும்போது நிரம்பி வரும்போது பாதி காலியா வர்ற விமானத்தோட மொத்தச் செலவையும் நிரம்புன பக்கத்துல உக்காந்திருக்குறவங்கதான் கட்டுறாங்க. வீட்டுல வயசானவங்க ஊர்ல இருந்தா, நீங்க போறதுக்குப் பதிலா அவங்களை இங்க வரவழைச்சா பாதிக்குப் பாதி மிச்சமாகும், ஆனா பொங்கலை ஊர்ல வைக்கணும்னு நினைக்குறவங்களுக்கு இந்த யோசனை உதவாது, அதுவும் எனக்குத் தெரியும்.

கோவை வாசகர்: அண்ணே, நாங்க நாலு பேர் கோவா போறதுக்குப் பார்த்தோம். ஒருத்தருக்குன்னு தேடுனா 4,200, நாலு பேருக்குன்னு தேடுனா ஆளுக்கு 5,100 காட்டுது. திரும்பத் திரும்பத் தேடுறதால ஏத்துறானா? ப்ரவுசர்ல நம்ம தேடுனதைச் சேமிக்காத இன்காக்னிட்டோல பார்த்தா குறையுமா?

தம்பி, இன்காக்னிட்டோல பார்த்தாலும் அதேதான் காட்டும். நீங்க சொன்ன இந்த 4,200–5,100 வித்தியாசத்துலயே மொத்த ரகசியமும் இருக்கு, அதையே பிரிச்சுக் காட்டுறேன்.

எகானமி கேபின்ல எல்லா சீட்டும் ஒண்ணுதான், ஆனா கம்ப்யூட்டர்ல அது பத்துப் பன்னெண்டு பக்கெட்டா பிரிஞ்சு இருக்கும். ஒவ்வொரு பக்கெட்டுக்கும் ஒரு எழுத்து, ஒரு விலை. உங்க டிக்கெட்ல க்ளாஸ்னு போட்டு ஒய், எம், க்யூ, வி மாதிரி ஏதாச்சும் ஒரு எழுத்து இருக்கும் பாருங்க, அதான் அது. உங்க கோவா ஃப்ளைட்ல நீங்க தேடுன நேரத்துல 4,200 பக்கெட்ல மூணு சீட்தான் மிச்சம் இருந்திருக்கும். ஒருத்தருக்குக் கேட்டா 4,200 கொடுக்கும். நாலு பேருக்குக் கேட்டா மூணு பேருக்கு இந்த விலை ஒருத்தருக்கு அந்த விலைன்னு பிரிச்சுக் கொடுக்காது, நாலு சீட்டும் ஒண்ணா கிடைக்குற அடுத்த பக்கெட்டுக்குத் தாவிடும். அதனால நாலு பேருமே 5,100.

இதுக்கு வழி ரொம்ப சுலபம். மொதல்ல ஒருத்தர், அப்புறம் ரெண்டு பேர், அப்புறம் மூணு பேர்னு போட்டுத் தேடுங்க, எந்த எண்ணிக்கையில விலை தாவுதோ அதுக்கு முந்தினதோட ஒரு புக்கிங், மிச்சப் பேருக்குத் தனி புக்கிங். உங்க கேஸ்ல 2,700 மிச்சமாகியிருக்கும். ஆனா சின்னக் குழந்தைங்க, வயசானவங்க கூட வந்தா அவங்களைத் தனி பிஎன்ஆர்ல போடாதீங்க, ஃப்ளைட் கேன்சலாகி மாத்திக் கொடுக்கும்போது தனித்தனியா ஆக்கிடுவாங்க.

திரும்பத் தேடும்போது ஏறுறதுக்குக் காரணம் பெரும்பாலும், நீங்க யோசிச்சிட்டு இருந்த அரை மணி நேரத்துல வேற யாரோ அந்தக் கடைசி மலிவு சீட்டை எடுத்திருப்பாங்க, இல்லன்னா நீங்க பார்த்த ஆப் பழைய விலையைச் சேமிச்சு வச்சுக் காட்டியிருக்கும், பணம் கட்டப் போகும்போதுதான் உண்மையான விலையைக் கேட்டு வாங்கும். அதேபோல விலை இறங்கவும் செய்யும். இந்த தேதிக்கு இன்னிக்கு வரைக்கும் 60 சீட் போயிருக்கணும், 40தான் போயிருக்குன்னா மூடுன மலிவு பக்கெட்டைத் திரும்பத் திறந்துடுவாங்க.

ஏஐ வச்சு ஆளைப் பார்த்து விலை வைக்கப் போறாங்களான்னு இன்னும் ரெண்டு மூணு பேர் கேட்டிருக்காங்க. 2025-ல அமெரிக்காவுல டெல்டா ஏர்லைன்ஸ் ஃபெட்சர்ங்கற கம்பெனியோட ஏஐயை உள்நாட்டு விலை போட இன்னும் அதிகமா பயன்படுத்தப் போறோம், வருஷக் கடைசிக்குள்ள 20 சதவீதம் வரைக்கும் கொண்டு போவோம்னு சொன்னதும் செனட்டர்கள் கடிதம் எழுதிக் கேட்டாங்க. தனி ஆளோட தகவலை வச்சு விலை போடல, போடவும் மாட்டோம்னு டெல்டா பதில் கொடுத்துச்சு. இது கண்ணுல வச்சுக்க வேண்டிய விஷயம்தான், ஆனா இன்னிக்கு உங்க கோவா டிக்கெட்டுக்கு அது காரணம் இல்ல.

விருதுநகர் வாசகர்: செவ்வாய்க்கிழமை நடுராத்திரி புக் பண்ணா மலிவுன்னு சொல்றாங்களே?

இல்லீங்க. புக் பண்ற கிழமையால ஒண்ணும் ஆகாது, பறக்குற கிழமைதான் முக்கியம். வெள்ளி சாயங்காலம், ஞாயிறு ராத்திரி, திங்கள் விடிகாலை இந்த மூணையும் தவிர்த்தா போதும்.

திருச்சி மாணவர்: ஒரே ஃப்ளைட்ல பல விலை வைக்குற இந்த முறையை மொதல்ல யாரு கொண்டு வந்தாங்க? எங்க எம்பிஏ க்ளாஸ்ல யீல்டு மேனேஜ்மென்ட்னு ஒரு வரியில முடிச்சிட்டாங்க.

நல்ல கேள்வி, இது எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி.

1972-ல பிரிட்டனோட பிஓஏசி விமான கம்பெனியில கென் லிட்டில்வுட்னு ஒருத்தர் ஒரு சின்ன கணக்கைப் போட்டார். கணக்குக்கு இப்படி வச்சுக்குவோம். உங்ககிட்ட ஒரு சீட் இருக்கு, இப்போ ஒருத்தர் 3,000 ரூபாய்க்குக் கேக்குறார். கடைசி நாள்ல ஒருத்தர் வந்து 9,000 கொடுப்பாரோ என்னவோ தெரியாது. இப்பவே வித்துடலாமா, காத்திருக்கலாமா? லிட்டில்வுட் சொன்னது, 9,000 கொடுக்குறவர் வர்றதுக்கான வாய்ப்பு மூணுல ஒண்ணுக்கு மேல இருந்தா காத்திரு, அதுக்குக் கீழன்னா இப்பவே வித்துடு. 3,000-ஐ 9,000-ஆல வகுத்தா மூணுல ஒண்ணு, அவ்வளவுதான் சூத்திரம். ஒவ்வொரு சீட்டுக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கிட்டே போனா மலிவு விலையில எத்தனை சீட் விக்கலாம், எத்தனையைப் பூட்டி வைக்கணும்னு வந்துடும். இன்னிக்கு ஓடுற பெரிய சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும் அடியில இந்தக் கேள்விதான் இருக்கு, அமெரிக்காவுல இருக்குற எம்ஐடியில பீட்டர் பெலோபாபா 1980-கள்ல இதைப் பல விலைகளுக்கு விரிச்சுக் கொடுத்தார்.

ஆனா சூத்திரம் இருந்தா போதாது, விலையை மாத்துற சுதந்திரமும் வேணுமே. அமெரிக்காவுல அதுவரைக்கும் எந்த ரூட்ல யாரு பறக்கணும், என்ன விலைன்னு சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டுங்கற அரசு அமைப்புதான் சொல்லிட்டு இருந்துச்சு. 1978 அக்டோபர்ல அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்து போட்ட சட்டம் அதைத் தூக்கிடுச்சு. ஒடனே புதுசு புதுசா கம்பெனிங்க வந்தாங்க, அதுல பெரிய பேரு வாங்குனது பீப்பிள் எக்ஸ்பிரஸ், 1981-ல ஆரம்பிச்சு நியூவார்க்ல இருந்து அடிமாட்டு விலைக்கு ஓட்டுனாங்க. பெரிய கம்பெனிங்களால அந்த விலைக்கு எல்லா சீட்டையும் கொடுத்தா கட்டுபடியாகாது.

அப்போ அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவர் ராபர்ட் க்ராண்டல் ஒரு வேலை பண்ணார். 1985-ல அல்டிமேட் சூப்பர் சேவர்னு ஒரு விலை, பீப்பிள் எக்ஸ்பிரஸுக்கு ஈடா அவ்வளவு மலிவா. ஆனா முன்கூட்டியே வாங்கணும், கேன்சல் பண்ணா முழுப் பணமும் திரும்ப வராது, ஒவ்வொரு ஃப்ளைட்லயும் இத்தனை சீட்தான்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். காலியா போகப் போற சீட் மட்டும் மலிவு விலைக்குப் போச்சு, அவசரமா கடைசி நாள்ல வர்ற ஆபீஸ்காரர் பழைய விலையே கொடுத்தார். பீப்பிள் எக்ஸ்பிரஸோட ரிசர்வேஷன் சிஸ்டத்துக்கு ஒரே ஃப்ளைட்ல பல விலை வைக்கத் தெரியாது. ரெண்டு வருஷம்கூட தாங்கல, வித்துட்டாங்க. அதோட நிறுவனர் டொனால்ட் பர் பின்னாடி இதைத்தான் பெரிய காரணமா சொன்னார். மலிவா ஓட்டுனவர் தோத்தது செலவுல இல்ல, கம்ப்யூட்டர்ல. உங்க வாத்தியார்கிட்ட இந்தக் கதையைக் கேட்டு வாங்குங்க தம்பி, ஒரு வரியில முடிக்குற விஷயம் இல்ல இது.

துபாய்ல இருந்து ஒரு வாசகர்: சொந்த ஊரு புதுக்கோட்டை. ஸ்கூல் லீவுக்குக் குடும்பத்தோட திருச்சி வந்து போக ஒரு மாச சம்பளத்துக்கு மேல ஆகுது. சிங்கப்பூர்ல இருக்குற என் மச்சான் இவ்வளவு கொடுக்கறது இல்ல. ஏன் எங்களுக்கு மட்டும்?

உங்க கேள்வியைப் படிச்சதும் மேப்பை எடுத்து அளந்து பார்த்தேன். திருச்சிக்கு கிழக்க சிங்கப்பூர், மேற்க துபாய், ரெண்டுமே ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். தூரத்தைக் காரணமா சொல்லவே முடியாத அளவுக்குச் சரிசமம்.

அப்போ வித்தியாசம் எங்க இருக்கு? சிங்கப்பூர் கம்பெனியான ஸ்கூட் திருச்சிக்கே நேரா வருது. அதோட நம்ம ஊரு கம்பெனிங்களும் ஓட்டுது, போட்டி இருக்கு, மலேசியா வழியா சுத்தி வர்ற வழியும் இருக்கு. துபாய் பக்கம் பாருங்க, எமிரேட்ஸ் சென்னைக்கு வருது, கொச்சிக்கு வருது, திருவனந்தபுரத்துக்கு வருது, ஆனா திருச்சிக்கோ மதுரைக்கோ கோவைக்கோ வர்றது இல்ல. வரணும்னு நினைச்சாலும் அவங்க இஷ்டத்துக்கு வந்துட முடியாது, ஏன்னா ரெண்டு நாட்டுக்கு நடுவுல பறக்கறதுக்கு அரசாங்கங்களுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு. வாரத்துக்கு எத்தனை சீட், எந்தெந்த ஊர்ல இறங்கலாம், ரெண்டுமே அதுல எழுதியிருக்கும். துபாய்க்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் வாரத்துக்கு 65,000 சீட்டுக்கு மேல அனுமதி இருக்கு, பல வருஷமா அது ஏறல, துபாய் கேட்டுக்கிட்டே இருக்கு, இந்தியா தரல. வளைகுடா கம்பெனிங்களுக்குத் திறந்து விட்டா ஐரோப்பா, அமெரிக்கா போற நம்ம பயணிங்களை அவங்க ஊர் வழியா அள்ளிட்டுப் போயிடுவாங்க, நம்ம கம்பெனிங்க நேரடி சர்வீஸ் ஆரம்பிக்கவே முடியாதுன்னு இந்திய அரசு தரப்பு சொல்லுது.

அந்த வாதத்துல நியாயம் இருக்கு, நான் மறுக்கல. ஆனா அதோட விலையை யாரு கட்டுறா? லண்டன் போறவர் இல்ல, வருஷத்துக்கு ஒரு தடவை புள்ளைங்களைக் கூட்டிட்டு ஊருக்கு வர்ற உங்களை மாதிரி ஆளுங்கதான். ஜூன் கடைசியில வளைகுடா ஸ்கூல் எல்லாம் மூடும்போது எல்லாரும் ஒரே வாரத்துல ஊருக்குக் கிளம்பணும், ஆகஸ்ட் கடைசியில எல்லாரும் ஒரே வாரத்துல திரும்பணும், சீட்டு எண்ணிக்கை மட்டும் ஒப்பந்தத்துல பூட்டிக் கிடக்கு, அப்போ மலிவு பக்கெட் எல்லாம் மூடி மேல் பக்கெட் மட்டும்தான் திறந்திருக்கும். மதுரைக்காரங்க வருஷக் கணக்கா எங்க ஊரையும் ஒப்பந்தத்துல சேருங்கன்னு கேக்குறது இதுக்காகத்தான். ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் மதுரைக்கு வருது, அதனால சிலர் கொழும்பு வழியா சுத்திப் போறாங்க. பெரிய நகரத்துக்குத் திறந்து விட முடியாதுன்னா, திருச்சி, மதுரை, கோவை மாதிரி இரண்டாம் கட்ட ஊருக்காச்சும் திறந்து விடலாம்ங்கறது என் கருத்து. இந்த ஊர்ங்கள்ல இருந்து லண்டனுக்கு நம்ம கம்பெனி எதுவும் நேரா ஓட்டப் போறது இல்ல, பறிபோறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல.

இப்போதைக்கு உங்களுக்கு நான் சொல்லக்கூடியது, திருச்சியை மட்டும் பார்க்காம சென்னை, கொச்சி, பெங்களூருக்கும் சேர்த்துத் தேடுங்க. போறது ஒரு ஊரு, வர்றது ஒரு ஊருன்னு கூட வைக்கலாம். ட்ரெயின் செலவு சேர்த்தும் குடும்பத்துக்கு மிச்சம் வர்றதுக்கு வாய்ப்பு இருக்கு.

சென்னை மாம்பலம் வாசகி: பொண்ணு லண்டன்ல படிக்குறா. நேரா போற ஃப்ளைட்டைவிட தோஹா போயி மாறிப் போறது மலிவா இருக்கே, அதுல ரெண்டு ஃப்ளைட் ஓட்டணுமே அவங்களுக்கு? ஒரு ஃப்ரெண்டு சொன்னா, பாதியில இறங்கிட்டா இன்னும் மலிவாம்.

அம்மா, நேரா போறதுக்கு ஆளுங்க தானா வருவாங்க, நேரம் மிச்சம், அலைச்சல் இல்ல, அதுக்கு அவங்க கூட கொடுக்கத் தயார். தோஹாக்காரருக்கு, அபுதாபிக்காரருக்கு, கொழும்புக்காரருக்கு, நம்மளை நடுராத்திரி இறக்கி மூணு மணி நேரம் உக்கார வைக்கறதுக்கு ஈடா விலையைக் குறைச்சாத்தான் வருவோம். அவங்களுக்கு அந்த ரெண்டு விமானமும் எப்படியும் ஓடப் போகுது, காலி சீட்டுல உங்க பொண்ணை உக்கார வச்சா கிடைக்குற பணம் லாபம்தான்.

உங்க ஃப்ரெண்டு சொன்னது வேற. ஏ-ல இருந்து பி வழியா சி-க்கு டிக்கெட் மலிவா இருக்கும், ஏ-ல இருந்து பி-க்கு மட்டும் அதிகமா இருக்கும், அப்போ சி வரைக்கும் வாங்கி பி-லயே இறங்கிப் போயிடறது. அமெரிக்காவுல இதுக்குன்னே ஸ்கிப்லேக்டுனு ஒரு தளம் இருக்கு. 2014-ல யுனைடெட் ஏர்லைன்ஸ் அது மேல கேஸ் போட்டு அது தள்ளுபடி ஆச்சு, ஆனா அமெரிக்கன் ஏர்லைன்ஸ் போட்ட கேஸ்ல 2024 அக்டோபர்ல 94 லட்சம் டாலர் கொடுக்கணும்னு ஜூரி சொல்லிடுச்சு. படிக்கப் போற பொண்ணுக்கு இது வேண்டவே வேண்டாம். செக்-இன் பெட்டி கடைசி ஊருக்குத்தான் போகும், ஒரு கட்டத்தை விட்டுட்டீங்கன்னா திரும்பி வர்ற டிக்கெட் உட்பட மிச்சம் எல்லாத்தையும் கம்பெனி கேன்சல் பண்ணிடலாம்.

தூத்துக்குடி வாசகர்: எங்க ஏர்போர்ட் பெருசாச்சே, விலை குறையுமா?

குறையறதுக்கு வழி பிறந்திருக்கு. பழைய ரன்வே 1,350 மீட்டர்தான், ஏடிஆர் மட்டும்தான் இறங்க முடியும். இப்போ 3,115 மீட்டர், 2025 ஜூலையில புது டெர்மினலும் திறந்தாச்சு. பெரிய விமானம் இறங்கலாம். இறங்கலாம்ங்கறது வேற, இறங்குறாங்கங்கறது வேற, ரெண்டாவது மூணாவது கம்பெனி வர்ற அன்னிக்குத்தான் விலையில தெரியும்.

சேலம் வாசகர்: அரசாங்கம் ஏன் ஒரு உச்ச விலை வைக்கக் கூடாது? ஆட்டோவுக்கு வைக்கிறாங்க, சினிமா டிக்கெட்டுக்கு வைக்கிறாங்க.

வைக்க முடியும், வச்சும் இருக்காங்க. 1994-ல பழைய ஏர் கார்ப்பரேஷன் சட்டத்தை எடுத்ததுல இருந்து விலை கம்பெனிங்க கையில. 1937-ம் வருஷ விமான விதிகள்ல 135-வது விதி, செலவு, நியாயமான லாபம் இதையெல்லாம் பார்த்து கம்பெனியே கட்டணத்தை வச்சுக்கலாம்னு சொல்லுது. அதே விதியில, விலை அநியாயமா இருந்தா விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்குற அரசு அமைப்பான டிஜிசிஏ தலையிட்டு உத்தரவு போடலாம்னும் இருக்கு. பலருக்கு இந்த ரெண்டாவது பாதி தெரியாது.

கொரோனாவுக்கு அப்புறம் 2020 மே 25-ம் தேதி ஃப்ளைட் திரும்ப ஓட ஆரம்பிச்சப்போ பறக்குற நேரத்தை வச்சு கீழ் விலை, மேல் விலை ரெண்டும் அரசே வச்சுது, 2022 ஆகஸ்ட் 31 வரைக்கும் அது இருந்துச்சு. 2025 ஆரம்பத்துல மகா கும்பமேளா நேரத்துல பிரயாக்ராஜ் விலை எகிறுனப்போ கூடுதல் ஃப்ளைட் விடுங்கன்னு டிஜிசிஏ சொல்லுச்சு. 2025 டிசம்பர்ல பைலட்களோட ஓய்வு நேர விதி மாறி இண்டிகோ ஆயிரக்கணக்குல ஃப்ளைட்டை கேன்சல் பண்ணப்போ, மத்த ஃப்ளைட் விலையெல்லாம் கண்ணு கட்டுற அளவுக்குப் போச்சு, 6-ம் தேதி அரசு உச்ச விலை போட்டுச்சு. 500 கிலோமீட்டர் வரைக்கும் 7,500, ஆயிரம் வரைக்கும் 12,000, 1,500 வரைக்கும் 15,000, அதுக்கு மேல 18,000, வரியும் ஏர்போர்ட் கட்டணமும் தனி.

உங்க சேலத்துக்கே, சின்ன ஊருக்கு ஃப்ளைட் விடுறதுக்கான அரசோட உடான் திட்டத்துலதான் ஃப்ளைட் வந்துச்சு. ஒரு மணி நேர தூரத்துக்கு 2,500 ரூபாய்னு அது ஆரம்பிச்சப்போ வச்ச விலை, பாதி சீட்டை அந்த மாதிரி விலையில கொடுக்கணும், நஷ்டத்தை அரசு ஈடு கட்டும். அது நல்ல திட்டம், ஆனா மானியம் மூணு வருஷத்துக்குத்தான், அது முடிஞ்சதும் பல ஊர்ல ஃப்ளைட்டும் நின்னுடுச்சு.

நிரந்தரமா எல்லா ரூட்டுக்கும் உச்ச விலை வைக்கணுமான்னு கேட்டா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். மேல பூட்டுனா கீழ இருக்குற 2,500 ரூபாய் டிக்கெட்டும் காணாமப் போகும், அதை நம்பி மூணு மாசம் முன்னாடி எடுத்து வைக்குற குடும்பங்கதான் அடி வாங்கும். ஆனா ஒரே ஒரு கம்பெனி மட்டும் ஓட்டுற ரூட்ல, பண்டிகை வாரத்துல, உச்ச விலை கட்டாயம் வேணும். அங்க போட்டியே கிடையாது, போட்டி விலையைச் சரி பண்ணும்ங்கற பேச்சே அங்க எடுபடாது. அதோட ஒவ்வொரு ரூட்லயும் எந்த விலையில எத்தனை சீட் வித்தோம்னு மாசா மாசம் கம்பெனிங்க வெளியிடணும். இன்னிக்கு 1,999-ல ஆரம்பம்னு விளம்பரம் போடுறாங்க, அந்த விலையில ரெண்டு சீட் இருந்துச்சா இருபது இருந்துச்சான்னு வாங்குறவருக்குத் தெரிய வழியே இல்ல.

நாகர்கோவில் வாசகி: உடம்பு சரியில்லாம போயி டிக்கெட்டை கேன்சல் பண்ணேன். நான்-ரீஃபண்டபிள், அதாவது பணம் திரும்ப வராத டிக்கெட்னு சொல்லி ஒத்தைப் பைசா தரல. அவ்வளவுதானா?

இல்லம்மா, விட்டுடாதீங்க. டிக்கெட் பிரிண்ட் எடுத்து விலை எப்படிப் பிரிஞ்சிருக்குன்னு பாருங்க. மேல பேஸ் ஃபேர், அதுல எரிபொருள் சர்சார்ஜ் இருந்தா அது, கீழ ஏர்போர்ட் யூசர் டெவலப்மென்ட் ஃபீ, 200 ரூபாய்கிட்ட ஏவியேஷன் செக்யூரிட்டி ஃபீ, உடான் திட்டத்துக்குன்னு வாங்குற ஆர்சிஎஸ் சார்ஜ், எகானமின்னா 5 சதவீத ஜிஎஸ்டி இப்படி வரிசையா இருக்கும். நான்-ரீஃபண்டபிள்னு கம்பெனி பிடிச்சுக்கலாம்னா அது பேஸ் ஃபேரும் எரிபொருள் சர்சார்ஜும் வரைக்கும்தான். கேன்சல் சார்ஜ் அதைத் தாண்டக் கூடாதுன்னு டிஜிசிஏ விதி இருக்கு. சட்டப்படியான வரி, யூசர் ஃபீ மாதிரி ஏர்போர்ட் கட்டணம் எல்லாம் நீங்க பறக்காதப்போ உங்க பணம், ஆஃபர் டிக்கெட்டா இருந்தாலும், ஏர்போர்ட்டுக்கே போகாம விட்டிருந்தாலும் திருப்பித் தரணும். திருப்பிக் கொடுக்கறதுக்குன்னு தனியா ப்ராசஸிங் சார்ஜும் போடக் கூடாது. பணமா வேணுமா, அடுத்த தடவைக்கு க்ரெடிட்டா வச்சுக்கறதாங்கறது உங்க இஷ்டம், அவங்க இஷ்டம் இல்ல. ஏஜென்ட் மூலமா வாங்கியிருந்தாலும் திருப்பித் தர்ற பொறுப்பு விமான கம்பெனிக்குத்தான், ஏஜென்ட்டைக் கேளுங்கன்னு தட்டிக்கழிக்க முடியாது.

பிஎன்ஆர், கேன்சல் பண்ண தேதி, பிரிச்சுப் போட்ட விலை மூணையும் வச்சு மொதல்ல கம்பெனிக்கு மெயில் போடுங்க. பதில் வரலன்னா விமானப் போக்குவரத்து அமைச்சகத்தோட ஏர்சேவா ஆப்லயோ வெப்சைட்லயோ அதே மெயிலை இணைச்சுப் புகார் பண்ணுங்க, நம்பர் கொடுப்பாங்க, அதை வச்சு எங்க போயி நிக்குதுன்னு நீங்களே பார்த்துக்கலாம்.